பச்சை அடித்த நட்டுகள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ பஸ் ஏறிப் போய் இரண்டு வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்தாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. நாங்கள் இருவரும் இங்கே சுகம்.

வேனும் சுகம். பின் ஆக்ஸில் முறிந்த அன்று, இனிமேல் சலவைத் துணியை நான் தலையில்தான் சுமக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ லீவு போட்டு வந்து, வேறு மாடல் வண்டியின் ஆக்ஸிலைத் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தாய். ஆஸ்பத்திரி விரிப்புகளும் லாட்ஜ் துண்டுகளும் இப்போது நேரத்துக்குப் போகின்றன.

ஆனால் உன் அத்தான் படுத்துகிற பாடு கொஞ்சமா? போன வாரம் புகைக்குழாய்ப் பட்டியை இறுக்க வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். "பதிமூணு மில்லி ஸ்பானரை எடு" என்றார், கொடுத்தேன். "லொடலொடன்னு ஆடுது, அரை இஞ்ச் எடு" என்றார், கொடுத்தேன். பக்கத்துப் போல்ட்டுக்கு அரை இஞ்ச் ஏறவே இல்லை. மறுபடியும் பதிமூன்று. ஒரு பட்டிக்கு நான் ஏழு தடவை குனிந்து நிமிர்ந்தேன். கடைசியில் பொறுமை போய், பதிமூன்றை வைத்தே அரை இஞ்ச் போல்ட்டைத் திருகினார். அதன் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டது. "உன் தம்பி வந்துட்டுப் போனதிலேர்ந்து என் வண்டிக்குள்ள ரெண்டு குடித்தனம்" என்கிறார். உன் பெயர் இங்கே இப்போது மில்லி.

சக்கர நட்டுகளைப் பற்றி நீ கிளம்புகிற அவசரத்தில் ஏதோ சொன்னாய். பிஸ்கட் டப்பா, பால் பவுடர் டப்பா, பச்சை பெயிண்ட் என்று பாதிதான் நினைவிருக்கிறது. ஒரு தாளில் தெளிவாக எழுதி அனுப்பு.

பனியில் தலையை நனைக்காதே.

உன் அக்கா

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ருசிக்குத்தான் குறைவு. அத்தானின் முதுகு வலி எப்படி இருக்கிறது?

அத்தானிடம் சொல், இரண்டு குடித்தனத்தை வைத்தது நான் இல்லை. உங்கள் வேனைச் செய்த கம்பெனிக்காரர்களே பாதி வழியில் இஞ்சிலிருந்து மில்லிமீட்டருக்கு மாறினார்கள். பழைய சரக்கு தீரும்வரை அதையும் இதையும் கலந்து மாட்டி அனுப்பிவிட்டார்கள். இங்கே எங்கள் பணிமனையில் முப்பது லாரி நிற்கிறது, எல்லாம் மில்லி. தண்ணீர் இழுக்கும் பழைய டிரெய்லர் ஒன்று மட்டும் இஞ்ச். அதைக் கண்டாலே எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இனி நான் எழுதுவதை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டு. வேனின் முன் சக்கர போல்ட்டுகள் அரை இஞ்ச் கனம். பின் சக்கரத்தில் நான் மாட்டியவை பன்னிரண்டு மில்லி. மற்ற இடத்தில் ஸ்பானரே நம்மை எச்சரிக்கும், ஒன்று ஏறாது அல்லது ஆடும். சக்கரத்தில் அந்த வசதி இல்லை. முக்கால் இஞ்ச் ஸ்பானரும் பத்தொன்பது மில்லி ஸ்பானரும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த நட்டானாலும் இரண்டுமே கச்சிதமாகப் பிடிக்கும்.

மில்லி நட்டு இஞ்ச் போல்ட்டில் ஏறாது, பயமில்லை. இஞ்ச் நட்டு மில்லி போல்ட்டில் சுகமாக ஏறும். இறுக்கினால் இறுகியது போலவும் இருக்கும். ஆனால் திருகு மரையின் நுனிதான் பிடித்திருக்கும். சில நாள் ஓடும், பிறகு சக்கரம் கழன்றுவிடும்.

அதனால்தான் மில்லி நட்டுகளுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்தேன். அவற்றின் உதிரிகள் பால் பவுடர் டப்பாவில் இருக்கின்றன. பெயிண்ட் இல்லாத இஞ்ச் உதிரிகள் பிஸ்கட் டப்பாவில். பின் சக்கரத்துக்குப் பச்சை, அவ்வளவுதான்.

ஒரு நல்ல சேதி. சக்கரப் பகுதி மேஸ்திரி ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஜூலையில் சோதனை வைக்கிறார்கள், என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பதினோரு வருஷம் கிரீஸில் புரண்டதற்கு ஒரு பலன் வேண்டாமா?

உங்கள் இருவர் சுகத்தையும் எழுது.

தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அத்தானின் முதுகு வலி தேவலை. நீ மேஸ்திரியானால் உனக்கு நீலச் சட்டை தருவார்களாமே. நம் வீட்டிலிருந்து ஒருவன் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்ளப் போகிறான் என்று ஆஸ்பத்திரித் துணி அறை அம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். அவர் ஷேவ் பண்ணிக்கொண்டே கேட்டார். "நட்டு போட்டா ஏறணும், இறுக்கினா இறுகணும். இதுக்கு ரெண்டு பக்கக் கடுதாசியா?" என்றார். ஆனாலும் சொன்னபடி செய்கிறார். நான்கு டயரும் தேய்ந்துவிட்டதால் சக்கரங்களைக் கழற்றி டயர் கடைக்குக் கொடுத்திருக்கிறார். வேன் செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. முன் சக்கர நட்டுகளைப் பிஸ்கட் டப்பாவிலும் பச்சை நட்டுகளைப் பால் பவுடர் டப்பாவிலும் உன் உதிரிகளோடு சேர்த்துப் போட்டு வைத்தார்.

டயர் வர இரண்டு நாள் ஆகும். வேன் நகராத நாள் எனக்கு அபூர்வம். கொட்டகையைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சுத்தம் பண்ணப் போகிறேன். அழுக்கென்றால் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். என் கண்ணில் பட்ட எதுவும் தப்பாது.

அடுப்பில் கொப்பரை கொதிக்கிறது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பிறகு எழுதுகிறேன் என்றாய், மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. டயர் மாற்றி வண்டி ஓடுகிறதா? எனக்குச் சோதனைக்குப் படிக்கப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பானர் பிடிக்கிற கையில் பென்சில் நிற்க மாட்டேன் என்கிறது. உடனே இரண்டு வரி போடு.

தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. இஸ்திரி போடும் பெண் ஒருத்தி நின்றுவிட்டாள். துணியை இப்போது தள்ளுவண்டியில் அனுப்புகிறோம். ஆஸ்பத்திரி பக்கம்தானே, லாட்ஜ்தான் கொஞ்சம் தூரம். அத்தான் ஓய்வில் இருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். சும்மாதான் கேட்கிறேன். மில்லி போல்ட்டில் இஞ்ச் நட்டு இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? சுமை ஏற்றினால் சீக்கிரம் விடுமா?

நன்றாகப் படி.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

நீ சும்மா கேட்கிறவள் இல்லை. "நாங்கள் சுகம்" என்ற வரி உன் கடிதத்தில் இல்லை. இதுவரை அந்த வரி இல்லாமல் நீ எனக்கு எழுதியதே கிடையாது. அத்தான் ஏன் ஓய்வில் இருக்கிறார்? வேன் இருக்கும்போது துணி ஏன் தள்ளுவண்டியில் போகிறது?

சோதனை முடியும்வரை லீவு கிடையாது என்கிறார்கள். ஒளிக்காமல் எழுது.

தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

பதறாமல் படி. அத்தான் உயிரோடு இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், என்னைத் திட்டுகிறார்.

மார்ச் 29-ஆம் தேதி காலையில் ஆஸ்பத்திரியின் பின் வாசல் சரிவில் வேனின் இடது பின் சக்கரம் கழன்றது. அது தனியாக வண்டிக்கு முன்னால் ஓடியதை அவர் பார்த்தாராம். "யாரோட சக்கரமோன்னு நினைச்சேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார். வேன் மதிலில் மோதிச் சாய்ந்தது. திறந்துகொண்ட கதவுக்கும் மதிலுக்கும் நடுவில் அவருடைய வலது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரி வாசலிலேயே நடந்ததால் ஐந்து நிமிஷத்தில் உள்ளே தூக்கிப் போய்விட்டார்கள். எலும்பு நேராகச் சேரவில்லை என்று போன மாதம் மறுபடி திறந்து தகடு வைத்தார்கள். நடப்பார், ஆனால் கால் கொஞ்சம் சாய்க்கும் என்கிறார் டாக்டர்.

அன்று நாற்பது விரிப்புகள் சேற்றில் கிடந்தன. அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து அத்தனையையும் துவைத்து மாலைக்குள் அனுப்பினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் பார்த்துவிட்டு, அந்தச் சக்கரத்தில் ஐந்தில் நான்கு இஞ்ச் நட்டு என்றார். முன் சக்கரத்தில் சில நட்டு ஏறாதபோது அத்தான் உதிரியை எடுத்துப் போட்டிருக்கிறார், அதனால் கணக்கும் உதைக்கவில்லை. "என் கவனக் குறைவு" என்கிறார் அத்தான். நீ மனதில் எதையும் போட்டுக்கொள்ளாதே. சோதனைக்குப் படி.

அக்கா

மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அத்தான் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நான் மாட்டிய ஆக்ஸில் அது.

ஒன்று மட்டும் எழுது. அத்தான் பால் பவுடர் டப்பாவிலிருந்து எடுத்த நட்டுகளில் பச்சை பெயிண்ட் இருந்ததா, இல்லையா? இருந்த நட்டையும் இல்லாத நட்டையும் அவர் கலந்து போட்டிருக்க மாட்டார். வாயால்தான் கேலி செய்வார், கை ஒழுங்காக வேலை செய்யும். பெயிண்ட் இருந்ததா என்று அவரிடம் கேட்டு உடனே எழுது.

தம்பி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் ஊன்றுகோலோடு சலவை அறைவரை வருகிறார். ஸ்டூலில் உட்கார்ந்து தலையணை உறைகளுக்கு இஸ்திரி போடுகிறார். ஓட்டத் தெரிந்த கைக்கு மடிக்கத் தெரியவில்லை, நாலு மூலையும் நாலு திசையில் போகிறது. அவருக்குத் தெரியாமல் நான் மறுபடி மடிக்கிறேன்.

வேனை நிமிர்த்திக் கொட்டகையில் விட்டிருக்கிறோம். மழை பெய்தால் உலர்த்த இடமில்லை. மாடியில் புதுக் கொடி கட்டினேன். துணி அறை அம்மா உன் சோதனை எப்போது என்று தினமும் கேட்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எழுத மனம் வராமல்தான் தலையணை உறையைப் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிந்துவிட்டது.

பெயிண்ட் உரிந்துபோயிருக்கிறது. அன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நீ வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாய். நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். நான் கிரீஸ் மேலேயே அடித்தேன். கிரீஸ் மேல் அடித்த பெயிண்ட் நிற்காது என்பது எங்கள் பணிமனையில் தரை கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். அத்தான் கையில் எல்லா நட்டும் ஒரே மாதிரி வந்திருக்கும். அவர் என்ன செய்வார் பாவம். உரக்கப் படித்துக் காட்டு என்று உனக்கு உபதேசம் வேறு செய்தேன்.

ஐந்து நிமிஷ அவசரத்தில் அத்தான் காலை ஒடித்தவன் முப்பது லாரிக்குச் சக்கர மேஸ்திரியாக நிற்கக் கூடாது. சோதனையிலிருந்து பெயரை வாபஸ் வாங்கிவிட்டேன். சாமான் அறைக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். ஜன்னல் வழியாக ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை. மாத முடிவில் உத்தரவு வந்துவிடும். இனிச் சக்கரத்தில் கை வைக்க மாட்டேன்.

அத்தானை நன்றாகப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 18

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால் எடுக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

உன் பெயிண்ட் உரியவில்லை. கிரீஸ் மேல் அடித்தாயோ எதன் மேல் அடித்தாயோ, அது நன்றாகவே ஒட்டியிருந்தது. அதை எடுத்தது நான்.

மார்ச்சில் கொட்டகையைச் சுத்தம் பண்ணப் போகிறேன் என்று எழுதினேன் அல்லவா? இரண்டு டப்பாவையும் திறந்து பார்த்தேன். ஒரே கறுப்பு, ஒரே பிசுபிசுப்பு. அன்று விரிப்புகளை அவித்து முடித்த கொப்பரையில் சோடாத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை வீணாக்குவானேன் என்று இன்னும் ஒரு கரண்டி காஸ்டிக் சோடா போட்டு, இரண்டு டப்பாவையும் கவிழ்த்துவிட்டேன். ஒரு மணி நேரம் அவிந்தது. பிறகு அலசி, துண்டில் கொட்டித் துடைத்தேன். முப்பத்தாறு நட்டும் வெள்ளியாக மின்னின. பச்சை என்று ஒன்று இருந்ததே அப்போது என் நினைவில் இல்லை, அழுக்குப் போன சந்தோஷம்தான் இருந்தது. டப்பாக்களையும் கழுவி, டப்பாவுக்குப் பதினெட்டாக எண்ணிப் போட்டு மூடி வைத்தேன்.

ஆயிரம் துணிக்கு நடுவில் ஆஸ்பத்திரித் துண்டு எது, லாட்ஜ் துண்டு எது என்று ஓரத்து நூலைப் பார்த்துப் பிரிக்கிறவள் நான். யாராவது என் துணியில் இருக்கிற சலவைக் குறியைப் பிரித்துப் போட்டால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். உன் குறியை நானே அவித்து எடுத்தேன்.

ஒர்க்‌ஷாப்காரர் நட்டைக் கையில் வைத்துக் காட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. அத்தான் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார், நான் பேசாமல் இருந்தேன். நீ பச்சையா என்று கேட்டாய், நான் கொடி கட்டியதை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருந்தது. காலைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரை வந்து திரும்பிப் போய்விடும்.

உன் பதினோரு வருஷத்தையும் சேர்த்து அவிக்க என்னால் முடியாது. உத்தரவு வருவதற்குள் போய்ப் பெயரைத் திரும்பக் கொடு. இதைத் தபாலில் போட்டதும் நேராகப் போய் அத்தானிடம் சொல்லப் போகிறேன்.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள மில்லிக்கு,

அத்தான் எழுதுவது. நான் கடிதம் எழுதி உனக்குப் பழக்கமில்லை, எனக்கும்தான். நீ சௌக்கியமா? நான் ஒன்றரைக் காலில் சௌக்கியம்.

உன் அக்கா தபாலைப் போட்டுவிட்டு வந்து இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று அழுதாள். கொப்பரை, சோடா என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன். அதற்கு அழுகையை நிறுத்திவிட்டு என்னை அடிக்க வந்தாள்.

ஏன் தெரியாது? முந்தின நாள் கறுப்பாகப் போட்ட நட்டு மறு நாள் கல்யாணப் பாத்திரமாக மின்னினால் யார் கைவேலை என்று எனக்குத் தெரியாதா? பச்சை எங்கே என்று ஒரு கணம் யோசித்தேன். எழுந்து உள்ளே போய் அவளைக் கேட்டிருக்கலாம். ஒரு நட்டை எடுத்து இரண்டு போல்ட்டிலும் ஏற்றிப் பார்த்திருக்கலாம். உன் கடிதம் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் ஸ்பானர் பிடித்தது, நட்டு இறுகியது. மில்லிப்பயல் சொன்னதற்கெல்லாம் ஆட வேண்டுமா என்று மாட்டிவிட்டேன். என் கவனக் குறைவு என்று நான் சொன்னது உன் அக்காவைக் காப்பாற்ற இல்லை. அதுதான் நடந்தது. அவள் துவைத்தாள், பார்த்துவிட்டு மாட்டியது நான். நீ செய்தது, எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி சொன்னது மட்டும்தான்.

சாமான் அறை ஜன்னலில் உட்கார உனக்கு வயதாகவில்லை. போய் உன் பெயரைக் கொடு. கொடுக்காவிட்டால் இந்தக் காலோடு பஸ் ஏறி வந்து உங்கள் பெரிய எஞ்சினியர் முன்னால் உட்காருவேன்.

இன்னொரு விஷயம். என் காலில் வைத்த தகட்டில் ஆறு திருகு இருக்கிறது. போன வாரம் டாக்டரிடம், "இது இஞ்சா, மில்லியா?" என்று கேட்டேன். மில்லி என்றார். இப்போது நானும் என் வேன் மாதிரி ஆகிவிட்டேன், ஒரு பக்கம் இஞ்ச், ஒரு பக்கம் மில்லி. என் காலை மாற்ற முடியாது, வண்டியையாவது ஒரே அளவுக்குக் கொண்டு வா. முன் ஆக்ஸிலையும் மில்லிக்கு மாற்றிவிடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அத்தான்

ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நான் சுகம். இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. அக்காவுடையதைப் படித்துக் கோபப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். சாப்பாட்டு வேளையில் வெளியே போய் முப்பது லாரியையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். பிறகு அத்தானுடையதைப் படித்தேன். சிரித்த சத்தத்தில் பக்கத்தில் டயர் உருட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சாமான் அறை உத்தரவு மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நானே போய் அதை நிறுத்திவிட்டு, சோதனைக்குப் பெயரைத் திரும்பக் கொடுத்தேன். சோதனை இருபதாம் தேதி. புத்தகத்தில் இல்லாத பாடத்தை நீங்கள் இருவரும் நடத்திவிட்டீர்கள், இனி எந்தச் சக்கரத்தின் நட்டையும் ஒரு தடவை கையால் ஏற்றிப் பார்க்காமல் ஸ்பானரைத் தொட மாட்டேன்.

முன் ஆக்ஸில் ஒன்று இங்கே பழைய வண்டிச் சந்தையில் பார்த்து வைத்திருக்கிறேன், முழுக்க மில்லி. ஆகஸ்டில் பன்னிரண்டு நாள் லீவு. அத்தானின் காலை நேரில் பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது.

அக்கா, பச்சை பெயிண்ட் நானே வாங்கி வருகிறேன். வந்து இறங்கும்வரை கொட்டகையில் எதையும் துவைக்காதே.

தம்பி